ஆறாவது வட்டம்

"டீச்சர், எம் புள்ளையோட டி.சி.யக் குடுங்க. இப்பவே!"

சாமிதுரை பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பின்னால் கட்டியிருந்த மூட்டையிலிருந்து நாலு சின்ன வெங்காயம் உருண்டு வாசலில் விழுந்தது. குனிந்து பொறுக்கவில்லை. வியாபாரத்தில் ஒரு வெங்காயத்தைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர். அவ்வளவு கோபம்.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. அன்றைக்கு அறிவியல் கண்காட்சி. மைதானத்தில் சுண்ணாம்புத்தூளால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக எட்டு வட்டம் போட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிரகங்களாக நிறுத்தியிருந்தார் சசிகலா டீச்சர். நடுவில், மஞ்சள் துணி போர்த்திய ஒரு பையன் சூரியன்.

ஆறாவது வட்டத்தில், இடுப்பைச் சுற்றி அட்டை வளையத்தோடு நின்றவள் சாமிதுரையின் மகள் வேணி. கழுத்தில் தொங்கிய அட்டையில் கொட்டை எழுத்தில் 'சனி'.

"உட்காருங்க. என்ன விஷயம்?"

"உட்கார வரலங்க. எட்டுப் பேர்ல சனியா நிக்க எம் புள்ளதான் கிடைச்சாளா? டீக்கடையில வெச்சுக் கேக்குறான் காசிநாதன், 'என்ன சாமிதுரை, உம் மவ சனியாமே'ன்னு. நின்னவன் பூரா சிரிக்கிறான்."

"அது ஒரு கிரகங்க. தொலைநோக்கியில பார்த்தா இருக்கிறதுலயே அழகு அதுதான். அந்த வளையத்தப் பார்த்தீங்களா..."

"அவ்வளவு அழகுன்னா உங்க புள்ளய நிறுத்துறதுதானே?"

"எம் பொண்ணு செவ்வாய்ங்க. அதோ, நாலாவது வட்டத்துல நிக்கிறா."

சாமிதுரை நாலாவது வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். செவ்வாய் என்றால் கல்யாணத்துக்கே ஆகாதே! ஆனால் இருபது வருஷம் வெங்காய மண்டியில் கத்தி வளர்ந்த தொண்டை அது, சும்மா கிடக்குமா?

"அது உங்க இஷ்டம். எம் புள்ளைக்கு வியாழனைக் குடுங்க."

"தமிழ்மாறன் வியாழன்."

"பூமி?"

"அபிநயா நிக்கிறா."

"போவட்டும். அந்தக் கடைசியில நீலமா ஒண்ணு நிக்குதே, அதையாவது குடுங்க. ஜாதகத்துல இல்லாத கிரகம். ஒரு தொந்தரவும் இல்ல."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் யாருக்கும் எதையும் குடுக்கலீங்க. சீட்டு எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்கினோம். அவங்கவங்க எடுத்ததுதான்."

சாமிதுரையின் கண் இரண்டாவது வட்டத்துக்குப் போனது. அங்கே ஜோதி. அவருடைய தங்கச்சி பஞ்சவர்ணத்தின் மகள். பிறந்த அன்றைக்கே தாயைப் பறிகொடுத்தவள். தகப்பன் திருப்பூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். பன்னிரண்டு வருஷமாக இவர் வீட்டில்தான் வளர்கிறாள். தலையில் ஜிகினாத்தாள் கிரீடம் வெயிலில் பளபளத்தது. கழுத்து அட்டையில் 'வெள்ளி'.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் வூட்டுச் சோத்தத் தின்னு வளர்ற கழுதைக்கு வெள்ளி. எனக்குப் பொறந்தவளுக்கு இதா? என்னங்க நியாயம்?"

ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு மணி நேரத்து வேஷம்ங்க. அதுக்குப் போய் டி.சி. கேக்குறீங்களே."

"வேஷம் கழண்டுடும் டீச்சர். பேர் கழலாது." அவர் குரல் திடீரென்று இறங்கியது. "நான் ஏழரை வருஷம் பட்டவன். வாலிகண்டபுரம் கோயில்ல சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்குப் போட்டவன். அந்தப் பேரச் சொல்லி ஒரு புள்ளயக் கூப்பிட்டா, அது அந்தப் புள்ள மனசுல போய்க் குந்திக்கும். எங்க எது கெட்டுப்போனாலும் தன்னாலதான்னு நெனைச்சுக்கும். வளர்க்கிறவன் எவன் இதப் பார்த்துக்கிட்டு இருப்பான், சொல்லுங்க?"

அந்த மனுஷன் சொன்னதில் என்ன தப்பு?

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "வேணிகிட்ட யாராவது அட்டைய மாத்திக்கிறீங்களா?"

எல்லாரும் அவரவர் அட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். செவ்வாய் மட்டும் அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கலாமா என்று யோசித்தது. அதற்குள் ஜோதி கிரீடத்தைக் கழற்றிவிட்டாள்.

"நான் நிக்கிறேன் டீச்சர்."

"ம். அதுவே நிக்கட்டும்," என்றார் சாமிதுரை. "அதுக்கு ஒண்ணும் ஆவாது."

வேணி ஓடி வந்தாள். வளையம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கழுத்து அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்."

"ஏய், கழட்டிக் குடுத்துட்டு வண்டியில ஏறு!"

"மாட்டேன். சீட்டுல சனி எனக்கு வரலப்பா. ஜோதிக்குத்தான் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தவ அழக்கூட இல்ல. 'எனக்குத்தான் வரும்னு தெரியும்'னு சொன்னா. நான்தான் என் வெள்ளியக் குடுத்துட்டு இத வாங்கிக்கிட்டேன்."

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

வேணி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வூட்டுல தினம் நீ அவள அப்படித்தானப்பா கூப்பிடுற. பள்ளிக்கூடத்துலயாவது அவளுக்கு வேற பேர் இருக்கட்டும்னுதான்."