யானை ஓட்டிய ரயில்

"ஒரே படத்தைப் பாதியா வெட்டி வித்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்காய்யா?"

பல் டாக்டர் பிலிம் டப்பாவை மேஜைமேல் வைத்தார். பழைய சாமான் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்தார்.

டாக்டருக்குப் பேசாப்பட காலத்துக் கார்ட்டூன் என்றால் உயிர். அவர் தம்பி ஆடிட்டருக்கும் அப்படித்தான். அண்ணன் பூனைப் படம் வாங்கினால் தம்பி நாய்ப் படம் வாங்குவார். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புரொஜெக்டர், அந்தப் பக்கம் ஒரு புரொஜெக்டர்.

"யானை ரயில் ஓட்டிட்டுப் போகுது. பாதிப் பாலத்தைக் காணோம். இன்ஜின் அந்தரத்துல நிக்குது. அதோட சரி. மீதி எங்கே?"

"அதை இன்னொருத்தர் வாங்கிட்டாருங்க."

"யாரு?"

கடைக்காரர் வாசலைப் பார்த்தார். அதே மாதிரி டப்பாவோடு ஆடிட்டர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்காரர்மேல் பாய்ந்தார்.

"என்னய்யா படம் இது? எடுத்த எடுப்பிலேயே யானை ஆத்துல கிடக்குது. எப்படி விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

டாக்டர் கூரையைப் பார்த்துச் சொன்னார். "ரயிலோட விழுந்துச்சுன்னு அவன்கிட்ட சொல்லுய்யா."

"என் பாதியில ரயிலே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுய்யா."

"யானை தலையில தொப்பி இருக்கான்னு கேளுய்யா."

"இல்லை. அதை ஒரு மீன் போட்டுக்கிட்டு நீந்துது."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மீனாடா?"

"ஆமாண்ணா. கார்டு மாதிரி கொடி வேற காட்டுது."

கொஞ்ச நேரம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஞாபகம் வந்தவர்களாகக் கடைக்காரர் பக்கம் திரும்பினார்கள்.

"ஒண்ணா இருந்ததைப் பிரிக்க உனக்கு எப்படிய்யா மனசு வந்தது?" என்றார் அண்ணன்.

"பணத்தாசை பிடிச்சவங்களுக்கு அதெல்லாம் எங்கேண்ணா புரியப்போகுது? நீ வா," என்றார் தம்பி.

பிலிமை ஒட்ட டேப் வாங்கிக்கொண்டு, தம்பியின் காரிலேயே இருவரும் கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் கடைக்காரர் அவர்களுடைய அக்காவுக்குப் போன் போட்டார்.

"நீங்க சொன்ன இடத்துலயே வெட்டிக் குடுத்தேன்மா. தனித்தனியா வந்தாங்க. ஒண்ணா திட்டிட்டு, ஒண்ணா போறாங்க."