சந்தனமா, பிஸ்கட்டா?

கோவையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. கூடத்துச் சுவரில் சந்தன நிறமும் பிஸ்கட் நிறமும் மாதிரிக்கு அருகருகே இருந்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?" என்றான் கதிரேசன். மனைவி தாரணியும் அம்மா ருக்மணியும் சேர்ந்தே அவனை முறைத்தார்கள்.

கல்யாணமாகி ஆறு வருடமாக, திரைச்சீலை முதல் சாப்பாட்டுத் தட்டு வரை எல்லாமே அத்தை சொன்னதுதான். இந்த ஒரு சுவராவது தனக்குப் பிடித்த சந்தன நிறத்தில் அமைய வேண்டும் என்று தாரணி ஏங்கினாள்.

"பிஸ்கட்தான் கண்ணு. சந்தனத்துல அழுக்குத் தெரியும்" என்றார் ருக்மணி.

"அப்படின்னா கைய வெச்சுச் சொல்லுங்க அத்தை."

இந்தக் காலத்துச் சுவர்கள் வாய் சொல்வதைக் கேட்பதில்லை. வீட்டார் யார் உள்ளங்கையைப் பதித்தாலும், அவர் மனதுக்குப் பிடித்த நிறத்தையே பூசிக்கொள்ளும். ருக்மணி வீறாப்பாகக் கை வைத்தார்.

கூடம் முழுக்கச் சந்தனம் பரவியது.

கதிரேசன் விசிலடித்தான். தாரணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இந்தச் சுவருக்கு வெவரம் பத்தல" என்ற ருக்மணி, தானும் சிரித்துவிட்டார். பிறகு மருமகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா கண்ணு. சாமி ரூமுக்கு நீயே கைய வெய்யி."