நாலாவது பெயர்

வாசற்படியில் மறுபடியும் கற்பூரம் எரிந்த கரி. பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அதைக் காலால் ஒதுக்கிவிட்டு டாக்டர் வைத்திலிங்கம் டிஸ்பென்சரிக் கதவைத் திறந்தார்.

"அந்தப் புது ஆஸ்பத்திரி மூணு டாக்டருங்க வேலதான் இது. ஆள வுட்டு செய்வினை வெச்சிருக்காங்க" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

பிரெஞ்சுக்காரர்களின் மருத்துவப் பள்ளியில் படித்தவர் எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுவதில்லை. அவர் பயந்தது காலியாகக் கிடந்த பெஞ்சுக்கு.

இரண்டு மாதமாக ஒரு நோயாளி வரவில்லை. முன்பெல்லாம் குருசுக்குப்பத்து மீனவக் குடும்பங்கள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். இப்போது அவருடைய ஜன்னலைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

காரணத்தை அவர் தேடவில்லை. வைத்தியத்தை விட்டுக் காரைக்காலில் போய் இருந்த தாத்தா காலமானபோது, ஊர் வழக்கப்படி கறுப்புக் கரைக்குள் பெயரை மட்டும் போட்ட மரண நோட்டீஸை இங்கே தெருச் சுவர்களில் ஒட்டச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு போய்ப் பதினாறு நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது மூன்று டாக்டர்கள் ஒரே கட்டடத்தில் கூட்டாக ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். ஒருவர் பிரசவம், ஒருவர் குழந்தைகள், ஒருவர் எக்ஸ்ரே. எந்நேரம் போனாலும் யாராவது ஒருவர் இருப்பார்.

அவர்களில் மூத்தவரான ஜானகிராமன் இரண்டு தடவை நேரில் வந்து அழைத்தார். காய்ச்சலுக்குக் கைராசியான ஒருவர் வேண்டும், இனி தனியாக உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பது நிலைக்காது என்றார்.

வைத்திலிங்கம் மறுத்துவிட்டார். வாசலில் தொங்கியது தாத்தா மாட்டிய பலகை. தாத்தாவின் பெயரையே மூத்த பேரனுக்கு வைப்பது அந்தக் குடும்பத்தின் முறை. ஆகவே அந்தப் பலகையில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர் போய் இன்னொரு பலகையில் நாலாவதாக நிற்பதா?

"குப்பத்துல போயி ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டா என்னாங்க?" என்றாள் ராஜாம்பாள்.

"நோயாளி வூட்டு வாசல்ல நின்னு கேக்கறதா? எங்க வம்சத்துலயே அது கெடையாது."

இன்னொரு மாதமும் பெஞ்சு காலியாகவே இருந்தது. சில நாள் பொழுது சாயும்போது வெளியே யாரோ விசும்புவது கேட்கும். எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. தன் வீட்டிலேயே தான் அந்நியன் போல அவருக்குத் தோன்றியது.

கடைசியில் பலகையை அவரே கழற்றினார். ஜானகிராமன் நீட்டிய கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

புது ஆஸ்பத்திரியில் அவருடைய அறைக்குள் முதலில் நுழைந்தவள் மீன்காரி பச்சையம்மாள். போன வருஷம் டைபாய்டிலிருந்து அவர் காப்பாற்றியவள். அவரைப் பார்த்ததும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். ஓடவில்லை. மெல்லக் கைகூப்பினாள்.

அவருடைய வம்சத்தில் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். "பச்சையம்மா, எங்கிட்ட வர்றத ஏன் நிறுத்திட்டீங்க?"

அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"செத்துப் போயும் வைத்தியம் பாக்க வர்றீங்களே டாக்டரய்யா, எங்கள வுட்டுப் போவ மனசு வரலியா?"