ஓடாத ஸ்டிரைக்கர்

“ஏலே, அந்த ஆமைய விட்டுருங்கலே. அவன் வந்து சேருததுக்குள்ள சாரல் நின்னுரும்.”

இலத்தூர் அணியில் கோலுக்கு முன்னால் நின்று மறிக்கும் ஸ்டாப்பர் செல்லச்சாமி இப்படிக் கத்தியதும் இலஞ்சி மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆமை என்று அவர் சொன்னது தென்காசி அணியின் ஸ்டிரைக்கர் உசாமாவை.

கோட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற துல்கர்னைனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உசாமாவின் வாப்பா அவர். சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்தவர், திரும்பிப் போகும்போது மகனையும் கூட்டிப்போவதாக இருந்தார். விசா ரெடி.

பையன்தான் கெஞ்சினான். கேரளாவில் ஒரு கால்பந்து அகாடமியின் கோச் ஜெஸ்வின் இன்றைக்கு ஃபைனல் பார்க்க வருகிறார். அவர் தன்னை எடுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மறுபேச்சு இல்லாமல் விமானம் ஏறுகிறேன் என்றான். துல்கர்னைனும் சரி என்றிருந்தார்.

அந்த ஜெஸ்வின் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். செல்லச்சாமி கத்துவது ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்தது. செல்லச்சாமி ஒரு போலீஸ் ஏட்டு. தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளை இருக்குத வயசுல சின்னப் பையன் பிழைப்பைக் கெடுக்கிறாரே என்று, பக்கத்தில் நின்றவரிடம் துல்கர்னைன் குறைபட்டுக்கொண்டார்.

முதல் பாதியில் உசாமாவுக்கு ஒரு நீளமான பாஸ் வந்தது. முன்னால் ஆளே இல்லை. ஓடினான். பின்னாலிருந்து வந்த செல்லச்சாமி எட்டிப் பிடித்துப் பந்தைத் தட்டிக்கொண்டு போனார்.

“கால்ல சாவி குடுத்துட்டு வாலே,” என்றார்.

உசாமா ஈரக் கையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தான்.

முதல் பாதி முடிந்தபோது இலத்தூர் ஒரு கோல் முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். எல்லாரும் கோலை நோக்கிப் பாய்ந்தபோது உசாமா மட்டும் பின்னால் ரெண்டு எட்டு வைத்தான். யார் தலையிலோ பட்ட பந்து நேராக அவன் காலடிக்கு வந்தது. கோல்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பந்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றான். செல்லச்சாமி சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். அவர் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து, நிதானமாக வலையின் மூலையில் தட்டிவிட்டான்.

இரண்டுக்கு ஒன்று. தென்காசிக்குக் கப்பு.

ஆட்டம் முடிந்ததும் ஜெஸ்வின் வாப்பாவையும் மகனையும் தனியாக அழைத்துப் பேசினார். பந்து காலில் நிற்கிறது, மூளை இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒருத்தர் எட்டிப் பிடித்துவிட்டாரே. மேலே போகப்போக வேகம் இல்லாமல் முடியாது என்றார்.

உசாமா தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோளில் கை போட்ட துல்கர்னைனுக்கு, ஏனோ, விசா ஞாபகம் அந்த நேரத்தில் சந்தோஷம் தரவில்லை.

அப்போதுதான் உடம்பெல்லாம் சேறாக செல்லச்சாமி அங்கே வந்தார். இன்னும் என்ன பாக்கி இருக்கு என்பதுபோல் துல்கர்னைன் முறைத்தார்.

“கோச், அவசரப்படாதீங்க,” என்றார் செல்லச்சாமி. “வேகமா ஓடுதவனைக் கண்டா எனக்குப் பயமே கிடையாது. எங்கன ஓடுதான்னு கண்ணுக்குத் தெரியும், மறிச்சிருவேன். இந்தப் பய எங்கன நிக்கான்னு பந்து வலைக்குள்ள போன பொறவுதான் தெரியுது.”

“அப்போ ஆட்டம் பூரா ஆமை ஆமைன்னு கத்துனீங்களே?” என்றார் ஜெஸ்வின்.

“ரோசப்பட்டு ஓடுவாம்னு பார்த்தேன். ஓடுனாம்னா பிடிச்சிரலாம். முதல்ல ஒரு தடவை ஓடுனதோட சரி, பொறவு கடைசி வரை ஓட மாட்டேன்னுட்டானே.”

ஜெஸ்வின் துல்கர்னைனிடம், ஒரு சீசன் பையனை என்னிடம் விட்டுப் பாருங்கள், ஓட வைப்பது என் பொறுப்பு, நிற்கக் கற்றுக்கொடுக்கத்தான் என்னால் முடியாது என்றார்.

உசாமா வாப்பாவைப் பார்த்தான். வாப்பா தலையசைத்தார்.

இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டித் தீர்த்தவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று துல்கர்னைனுக்குத் தெரியவில்லை. “உங்க டீம்லயும் பையங்க இருக்காங்கள்லா. எங்க பையனுக்காக இம்புட்டுப் பேசுதீங்களே,” என்றார்.

“பின்ன? இவன் இங்கன கெடந்தா அடுத்த வருசமும் எங்களுக்குக் கப்பு கிடைக்காதுல்லா. அதான் நாடு கடத்துதேன்,” என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி செல்லச்சாமி போய்விட்டார்.

துல்கர்னைன் வாய்விட்டுச் சிரித்தார். “போலீஸ் புத்தி. நல்லது செய்ததுலயும் ஒரு லாபம் பாத்துட்டாரு.”

ஜெஸ்வின் சிரிக்கவில்லை.

“அவருக்கு ஏது அடுத்த வருசம்? இன்னைக்கோட ஆட்டத்தை விடுறாரு. நாங்க ஒரே டீம்ல ஆடினவங்க. அவரோட கடைசி ஆட்டத்தைப் பார்க்க வர்றேன்னு நான்தான் போன் பண்ணினேன். ‘வா, ஆனா என்னைப் பாக்காத. தென்காசில ஒரு பய இருக்கான், அவனைப் பாரு’ன்னாரு.”