நிற்கிற வேலை

“உட்காரும்மா.”

படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுவிட்டு நின்றார்.

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

“வேண்டாம் சார். நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“உட்காருன்னு சொல்றேன்ல.”

அந்தத் துணிக்கடையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கேமரா’. கீழ்த்தளத்தில் நின்றபடியே மேல்மாடியில் கொட்டாவி விடுகிறவளைப் பிடித்துவிடுவார். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கடையில் ஈ ஓட்டினாலும் உட்காரக் கூடாது. மேஜைமேல் சாய்ந்தால்கூடக் குற்றம். “கஸ்டமர் பார்த்தா கடைக்கு என்ன மரியாதை?” என்பார். கால் வலி தாங்காமல் துணிக்கட்டின்மேல் சற்று உட்கார்ந்த ஒருத்தியை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர்.

ஒரு வாரமாக அவர் வரவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. இன்று முகத்தில் தாடியோடு வந்தார். வந்ததிலிருந்து யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எல்லோருக்கும் கிலியாக இருந்தது.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அவள் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மறைத்தாள். ஐந்தாவது மாதம். வெளியே தெரிந்தால், “பிள்ளை பெத்துட்டு வாம்மா” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன யாரையும் திரும்பச் சேர்த்ததில்லை. புருஷனுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான்.

“எத்தனை மாசம்?” என்றார் சூப்பர்வைசர்.

“ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சார். கொஞ்சம் சதை போட்டுட்டேன், அவ்வளவுதான்.”

திரைச்சீலைப் பிரிவில் நின்ற, விற்பனைப் பெண்களில் மூத்தவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“சார், இவளை விட்டுடுங்க. இவ வேலையையும் சேர்த்து நானே பார்க்கறேன். ஏணி ஏறி எடுக்கறதெல்லாம் நானே எடுத்துக் கொடுத்துடறேன். வயித்துல மட்டும் அடிச்சிடாதீங்க சார்!”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

“யாரும்மா இப்ப வேலையை விட்டு எடுக்கறேன்னு சொன்னது? காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு. உட்காருன்னுதானே சொல்றேன்?”

“முதலாளி பார்த்தா என்ன சார் ஆகும்?”

“நான் பதில் சொல்லிக்கறேன். வெளியே போன்னு சொன்னா, நான் போறேன்.”

இளையவள் நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்த மறுநிமிடம் ‘கிளம்பு’ என்று சொல்லிவிடுவாரோ? கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. ஆனாலும் அசையவில்லை. மற்ற பெண்களும் விற்பனையை மறந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. “தப்பா நினைக்காதீங்க சார். சுவத்துல சாஞ்சாலே எரிஞ்சு விழுவீங்க. இன்னிக்கு நீங்களே நாற்காலி தூக்கிட்டு வந்து போட்டா, எப்படி நம்பறது?”

வழக்கமாக இதற்கே கடை இரண்டுபட்டிருக்கும். அவர் கத்தவில்லை.

“நம்ப முடியாதுதான்,” என்றார். “உங்க மேல தப்பில்லை.”

நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அதை இன்னும் கொஞ்சம் இளையவள் பக்கமாக நகர்த்தினார்.

“உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்னு வெச்சுக்கோம்மா. உட்காரு.”

“ஏன் சார்? உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் அவள், முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்து.

அவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

“போன வாரம் என் பொண்ணு, வேலை பார்த்த கடையில, நின்ன இடத்துலயே தலை சுத்தி விழுந்துட்டா. ஏழு மாசம். தாயையும் பிள்ளையையும் ஒண்ணாத்தான் புதைச்சுட்டு வந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்னு கெஞ்சிக் கேட்டிருக்காம்மா... அங்கே இருந்த சூப்பர்வைசர் விடலையாம். அவனும் என்னை மாதிரியே.”