சனிக்கிழமைக் கோளாறு

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டராம்! நல்லா உன் தலையில மிளகாய் அரைச்சிருக்கார் அந்த மெக்கானிக்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் காதில் அது விழுந்தது. விழட்டும் என்றுதான் ஆசிரியரம்மாவின் தங்கை அத்தனை சத்தமாகச் சொன்னாள்.

ஆசிரியரம்மா நடத்துவது ஒரு சின்னத் தையல் பத்திரிகை. எழுதுவது, பக்கம் அமைப்பது, உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. ஒவ்வோர் இதழின் நடுவிலும் மடித்து வைத்த பெரிய தாள் ஒன்று இருக்கும். சட்டை, கவுன், குழந்தைத் தொப்பி என்று வெட்டவேண்டிய கோடுகள் அதில் அசல் அளவிலேயே இருக்கும். துணிமேல் வைத்து வெட்டினால் நூல் பிசகாது.

அந்தக் கோடுகளையெல்லாம் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து கண்ணை மூடிவிட்டது. அதிலிருந்து மீட்டெடுத்த மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஏறவே மாட்டேன் என்றது. புது மென்பொருளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. போதாக்குறைக்கு, அதில் பழைய கோடுகளைத் திறந்து பார்த்தால் கவுனின் இடுப்பு கழுத்தளவுக்குச் சுருங்கிப்போனது.

அப்போதுதான் மெக்கானிக் இந்த வழியைச் சொன்னார். கையைக் கடிக்காத விலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். அதற்குள், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்றொரு புரோகிராம். உள்ளே ஓடும் பழைய மென்பொருளுக்குத் தான் வீடு மாறி வந்ததே தெரியாது. பத்திரிகை பிழைத்துக்கொண்டது.

ஒரே ஒரு குறை. சனிக்கிழமை வந்தால் நின்றுவிடும்.

"மத்த நாளெல்லாம் ஓடுமாம், சனிக்கிழமை மட்டும் மக்கர் பண்ணுமாம். எந்த ஊர் நியாயம் சார் இது?" என்று தங்கை அவரையே பிடித்துக்கொண்டாள்.

"பழசு இல்லையா மேடம்... கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"நீங்க காசு வாங்காம வந்து பார்க்கறீங்க, சரி. அதுக்காக எத்தனை நாள் இப்படியே ஓட்டறது? அக்கா, நான் முடிவாச் சொல்லிட்டேன். இன்னொரு தடவை நின்னுச்சுன்னா இந்தப் பத்திரிகைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. மாடி ரூம் காலியாத்தானே கிடக்கு?"

சொல்லிவிட்டுத் தங்கை கிளம்பிப் போனாள். ஆசிரியரம்மா காபியைக் கொண்டுவந்து மெக்கானிக்கின் பக்கத்தில் வைத்தார்.

"அவ சொல்றதுலயும் தப்பில்ல சார். எனக்கும் பயமா இருக்கு. ஒருநாள் மொத்தமாப் படுத்துடுச்சுன்னா, சந்தா கட்டினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நிலைக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இந்த இதழோட நிறுத்திக்கறேன்."

"நிறுத்திட்டு?"

"மாடி ரூம்ல உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டியதுதான்." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மெக்கானிக் காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அன்றைக்கு வழக்கமான பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தட்டினார், யோசித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே நிக்காது மேடம். தைரியமா நடத்துங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்ப..." ஆசிரியரம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். "அப்ப நீங்க இவ்வளவு தூரம் வந்து அலைய வேண்டியிருக்காது."

"ஆமா மேடம். இருக்காது."

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் கடையை மதியமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேசுவது டிவி ஒன்றுதான். அதையும் போட மனம் வரவில்லை. துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தார். தனியாக இருப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்றுதான். ஆனாலும் அன்றைக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது போன் அடித்தது.

"சார், ஒரு நடை வர முடியுமா? ஓடிட்டே இருந்தது, பட்டுன்னு அணைஞ்சிடுச்சு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிற்க வழியே இல்லையே! பத்திரிகை அவ்வளவுதான், அந்தம்மா மாடி அறைக்குப் போய்விடுவார் என்று பதறியபடி, சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஆசிரியரம்மா போனில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லடி, ஒரு குறையும் இல்ல. குதிரை மாதிரி ஓடுது. இன்னைக்குக் காலையிலகூட நாலு பக்கம் முடிச்சேன். மூடற பேச்சையே எடுக்காதே."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், வாசலில் நின்றவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். முகம் லேசாகச் சிவந்தது.

"வந்துட்டீங்களா? பாருங்க சார்... ஏன்னே தெரியல."

மேசைக்கடியில், சுவரிலிருந்து பிடுங்கிப் போட்ட ஒயர் கிடந்தது.

மாதக்கணக்காக, சனிக்கிழமைதோறும் நின்றுபோகும்படி அந்த எமுலேட்டருக்குள் தானே எழுதி வைத்திருந்த ஒரு வரியைப் போன வாரம்தான் தன் கையாலேயே அழித்திருந்த மெக்கானிக், ஒயரைப் பார்க்காதவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது பெரிய ரிப்பேர் மேடம்," என்றார். "வாரா வாரம் வந்து பார்த்தாத்தான் சரியாகும்."