கறிவேப்பிலைக்கு வைத்தியம்

"மறுபடியும் யாருடீ ஊத்தினது? நீயா, உன் ஆம்படையானா?"

செருப்பைக் கழற்றும்போதே காமு ஆரம்பித்துவிட்டாள். ஹால் ஜன்னலோரம் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணே தெரியவில்லை. பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று பூஞ்சை. அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"சத்தியமா யாரும் தொடலைம்மா," என்றாள் மாதங்கி. "நீ சொன்னபடி ஜன்னல்கிட்ட நகர்த்தி வச்சாச்சு. ஏசி கூடப் போடறதில்லை. நரேன் ராத்திரி பூரா வேர்த்துண்டு கிடக்கறான்."

"வேர்க்கட்டும். கல்கத்தாவிலேயே பொறந்த உடம்பு, வேர்வை என்ன புதுசா?"

நரேன் சோபா ஓரமாக நின்றிருந்தான். மாதங்கியிடம் கற்ற தமிழில், "நான் தண்ணி குடுக்கலை, மா. காட் ப்ராமிஸ்," என்றான்.

"மாவாவது? மாமின்னு கூப்பிடச் சொல்லு அவனை."

காமுவுக்கு வங்காள மொழி தண்ணீர் பட்ட பாடு. லேக் மார்க்கெட் காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசிப் பேசியே வந்த மொழி. ஆனால் திட்டுவதென்றால் அவளுக்குத் தமிழ்தான் சரிப்படும்.

ஜாதவ்பூரில் கூடப் படித்த நரேனை மாதங்கி பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, "உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னவள் காமு. சொன்னபடியே இருந்தாள். அப்பா சீதாராமன்தான் வீட்டுக் கறிவேப்பிலையின் கன்று ஒன்றை, மகள் ரசம் வைக்கட்டும் என்று, இந்த நியூ டவுன் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த மழைக்காலத்தில் அது பூஞ்சை பிடித்துச் சாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் காமு டாக்ஸி பிடித்து வந்து இறங்கினாள். "செடிக்காக வந்தேன். உங்களுக்காக இல்லை" என்று வாசலிலேயே அறிவித்தாள். அதிலிருந்து வாரா வாரம் வருகிறாள். பூஞ்சையும் வருகிறது.

"பழைய ஸ்பூன் ஒண்ணு கொண்டா. பேப்பர் விரி."

மேல் மண்ணைச் சுரண்டினாள். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். முகம் கோணியது.

"இந்தா, மோந்து பாரு. எல்லாம் உன் மகானுபாவன் பண்ணின வேலை. புண்ணாக்குத் தண்ணி!"

"அது ஃபர்ஸ்ட் டைம் மட்டும், மா... மாமி," என்றான் நரேன். "எங்க வீட்டிலே எல்லாச் செடிக்கும் கடுகுப் புண்ணாக்கு ஊற வச்சுக் குடுப்பாங்க. நல்லா வளரும்."

"மொட்டை மாடியில வெயில்ல நிக்கற சாமந்திக்குக் குடுப்பா. ஜன்னலே திறக்காத ஹாலுக்குள்ள, இந்த மழை ஈரத்துல குடுத்தா, பூஞ்சை வராம புஷ்பமா வரும்?"

"அப்பறம் குடுக்கவே இல்லை, மாமி."

"குடுக்காமதான் இப்படி ஈரமா இருக்கா? மண்ணு தானா தண்ணி குடிக்கறதா?"

தொட்டியைக் கவிழ்த்து, வேரோடு செடியை உருவினாள். அழுகிக் கறுத்த வேர்களைக் கத்தரித்தாள். அடி ஓட்டையில் அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் குத்தித் தள்ளினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த காய்ந்த மண்ணில் மணலும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, செடியை மறுபடி நட்டாள்.

"பட்டைப் பொடி இருக்கா? இருக்குமே, மசாலா வாடை படிக்கட்டு வரைக்கும் வரதே. மேலே தூவு. பூஞ்சை அடங்கும்."

நரேன் தொண்டையைச் செருமினான். "மாமி, ஒண்ணு சொல்லட்டா? நர்சரியிலே புதுச் செடி கிடைக்குது. இதைத் தூக்கிப் போட்டுடலாம். நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து, கால் வலியோட..."

ஸ்பூன் அப்படியே நின்றது.

"தூக்கிப் போடறதா? சீக்கு வந்தா தூக்கிப் போட்டுடுவியா? நாளைக்கு என் பொண்ணு படுத்துண்டா, அவளையும் நர்சரியில குடுத்து மாத்திண்டு வருவியோ?"

"அம்மா!"

"நீ சும்மா இருடீ. என் வீட்டுக் கன்னு இது. தூக்கிப் போட இவன் யாரு?"

நரேனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. மாதங்கி குனிந்து செடியின் தண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தத் தடவை பிழைச்சுக்குமாம்மா?"

"பிழைக்காம? நல்ல வேர் இன்னும் கெட்டியா இருக்கு. சொட்டுத் தண்ணி காட்டாம விட்டா, தானே துளிர்க்கும்."

"அப்ப அடுத்த வாரம் நீ வர வேண்டியிருக்காது," என்றாள் மாதங்கி. செடி பிழைக்கும் என்ற சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை.

காமு மகளை ஏறிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"உங்க ரெண்டு பேரோட கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு. அரை டம்ளர் காப்பி போடு. நேத்திப் பாலை வச்சுப் போடாதே."

அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் காப்பி. மாதங்கி சமையலறைக்கு ஓடினாள். புதுப் பால் வாங்க நரேன் லிஃப்டுக்கு ஓடினான்.

காமு இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்து புளிக்க வைத்துக் கொண்டுவந்திருந்த கஞ்சித் தண்ணீரை எடுத்து, போன வாரம் போலவே வேரடியில் ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைப் போட்டு மூடினாள்.

"அடுத்த வாரம் வந்து பாப்பேன்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். "அதுக்குள்ள இதுல யாராவது ஒரு சொட்டு ஊத்தினேள்னு தெரிஞ்சுது, நடக்கறதே வேற!"